அமேசான் காடு அழிந்துவிடுமா? கணினி சொல்வதும் காடு சொல்வதும்

அமேசான் காடு இந்த நூற்றாண்டுக்குள் வெறும் புல்வெளியாகிவிடும் என்று ஒரு நாள் செய்தி வருகிறது. சில மாதங்கள் கழித்து, அமேசான் நாம் நினைத்ததைவிட உறுதியானது என்று வேறொரு செய்தி வருகிறது. இரண்டையும் சொல்பவர்கள் விஞ்ஞானிகள்தாம். இரண்டுக்கும் ஆதாரமாகக் காட்டப்படுபவை கணினி மாதிரிகள்தாம்.

முதல் செய்தியைப் படித்தவர்களில் சிலர், உலகமே முடிந்துவிட்டது போலக் கலங்கிப் போகிறார்கள். இரண்டாவது செய்தியைப் பிடித்துக்கொண்டு, பருவநிலை மாற்றம் என்பதே கட்டுக்கதை என்று வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புபவர்களும் உண்டு. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் நம்மிடம் நேராகவே கேட்பார்கள்: இதில் எது உண்மை?

இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. இந்த முன்கணிப்புகள் எப்படிச் செய்யப்படுகின்றன, அவை ஏன் ஒன்றுக்கொன்று மாறுபடுகின்றன, மாறுபட்டாலும் அவற்றிலிருந்து நாம் உறுதியாகப் பெறக்கூடியது என்ன என்பதை விளங்கிக்கொண்டால், அடுத்த முறை இப்படியொரு செய்தி வரும்போது கலங்கவும் தேவையிருக்காது, ஏமாறவும் தேவையிருக்காது.

அமேசானைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

அமேசான் மழைக்காட்டின் பரப்பு சுமார் 55 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் இந்தியா முழுவதும் சேர்ந்தே சுமார் 33 லட்சம் சதுர கிலோமீட்டர்தான் என்பதோடு ஒப்பிட்டால் அதன் விரிவு புரியும். காட்டின் பெரும்பகுதி பிரேசிலில் இருக்கிறது. அங்கே சுமார் 39,000 கோடி மரங்களும் சுமார் 16,000 மர இனங்களும் இருக்கலாம் என 2013-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

மரங்களிலும் மண்ணிலும் சேர்ந்து 15,000 கோடி முதல் 20,000 கோடி டன் வரையிலான கார்பன் அங்கே அடைபட்டுக் கிடக்கிறது. உலகம் முழுவதும் நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டன் கார்பன் காற்றில் கலக்கிறது. அப்படியானால் அந்தக் காட்டில் அடங்கியிருப்பது, மனிதகுலம் பதினைந்து இருபது ஆண்டுகள் எரித்து வெளியிடும் கார்பனுக்குச் சமம். அது வெளியே வந்தால் பிரேசிலின் வானத்தில் மட்டும் தங்கியிருக்காது. காற்றுக்கு நாட்டு எல்லை கிடையாது. எங்கோ இருக்கும் காட்டைப் பற்றி நம் குடும்பங்களும் தெரிந்துகொள்ள வேண்டியதற்கு இதுவே காரணம்.

இன்னொரு தனித்தன்மையும் அமேசானுக்கு உண்டு. அது தனக்கு வேண்டிய மழையில் ஒரு பெரும்பங்கைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. 1970-களின் இறுதியில் பிரேசில் விஞ்ஞானி எனியாஸ் சலாட்டி இதை நுட்பமான ஒரு முறையில் நிறுவினார். இயற்கையில் உள்ள நீரில் மிகச் சிறு பகுதி சற்றுக் கனமான ஆக்சிஜனைக் கொண்டது. அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரக்காற்று மேற்கு நோக்கிச் செல்லும்போது கனமான நீர் முந்திக்கொண்டு மழையாக விழுந்துவிடும். ஆகவே உள்நாட்டுக்குள் போகப் போக மழைநீரில் அதன் பங்கு வேகமாகக் குறைய வேண்டும். சலாட்டி அளந்து பார்த்தபோது எதிர்பார்த்த அளவுக்கு அது குறையவில்லை. விழுந்த மழையை வேர்களால் உறிஞ்சி, இலைகள் வழியாக மரங்கள் மீண்டும் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தன. அங்கு பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி இப்படிக் காடே திருப்பித் தருவது என்பது அவருடைய கணிப்பு.

இதன் பொருளைச் சற்று யோசித்துப் பாருங்கள். மழை இருப்பதால் காடு இருக்கிறது. காடு இருப்பதால் மழை இருக்கிறது. இதில் ஒன்று குறையத் தொடங்கினால் மற்றதும் குறையும். அந்தக் குறைவு எங்கே போய் நிற்கும் என்பதே கணினி மாதிரிகளிடம் கேட்கப்படும் கேள்வி.

மாதிரி என்பது ஜோசியம் அல்ல

நம் பள்ளிவாசல்களில் தொழுகை நேர அட்டவணை தொங்குகிறது. சூரியனின் போக்கைக் கணக்கிட்டுத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். அடுத்த ஆண்டு இதே தேதியில் மஃக்ரிப் எத்தனை மணிக்கு என்பதை இன்றே நிமிடம் தவறாமல் சொல்லிவிடலாம். இப்படித் துல்லியமாகக் கணக்கிடும் விஞ்ஞானம், காட்டின் எதிர்காலத்தைச் சொல்வதில் மட்டும் ஏன் தடுமாறுகிறது என்று சிலர் கேட்கக்கூடும்.

சூரியன் பூமியில் நடப்பதைப் பார்த்துத் தன் போக்கை மாற்றிக்கொள்வதில்லை. காடு அப்படியில்லை. வெப்பம் கூடினால் காடு மாறுகிறது. காடு மாறினால் மழை மாறுகிறது. மழை மாறினால் வெப்பம் மறுபடியும் மாறுகிறது. போதாக்குறைக்கு நடுவில் மனிதன் கோடரியோடும் தீயோடும் நிற்கிறான். எனவே காட்டைப் பற்றிய எந்தக் கணக்கும் 'இப்படி இருந்தால் இப்படி ஆகும்' என்ற நிபந்தனையுடன்தான் வரும். 'இருந்தால்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'ஆகும்' என்பதை மட்டும் தலைப்பாக்கும்போதுதான் குழப்பம் பிறக்கிறது.

மாதிரி வேலை செய்யும் விதம் இதுதான். பூமியின் பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மண், மழை, வெப்பம், வெயில் ஆகியவற்றின் அளவுகளைக் கொடுக்கிறார்கள். அந்தச் சூழலில் செடிகொடிகள் எவ்வளவு ஒளிச்சேர்க்கை செய்யும், எவ்வளவு சுவாசிக்கும், எவ்வளவு நீரை ஆவியாக்கும், எந்த வகைத் தாவரம் எதை நெருக்கித் தள்ளி இடம்பிடிக்கும் என்பதற்கெல்லாம் சமன்பாடுகள் உண்டு. கணினி இவற்றைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, நூறு ஆண்டுகளைச் சில வாரங்களில் ஓட்டிக் காட்டுகிறது.

இதன் தொடக்கம் எளிமையானது. 1972-இல் அமெரிக்காவில் டேனியல் பாட்கின் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமும் உள்ள சிறு துண்டுக் காட்டைக் கணினியில் வளர்த்துக் காட்டினார்கள். ஒரு பெரிய மரம் விழுந்தால் வெளிச்சம் உள்ளே வரும், அந்த இடத்தைப் பிடிக்க எந்தக் கன்று முந்தும் என்பதை அந்த மாதிரி மரம் மரமாகக் கணக்கிட்டது. பிறகு வந்தவர்கள் அதே வேலையை உலகம் முழுவதற்கும் செய்ய முற்பட்டார்கள்.

2000-ஆம் ஆண்டில் வந்த அதிர்ச்சி

அதுவரை பருவநிலையைக் கணக்கிடும் மாதிரிகளில் காடு ஒரு மேடை அலங்காரம் போல அசையாமல் நின்றது. வெப்பம் எவ்வளவு கூடினாலும் மாதிரிக்குள் இருந்த காடு அப்படியே இருக்கும். பிரிட்டன் வானிலைத் துறையின் ஹாட்லி மையத்தில் பீட்டர் காக்ஸும் அவருடைய குழுவினரும் இதை மாற்றினார்கள். வாழவும் மடியவும் கூடிய தாவரங்களைப் பருவநிலை மாதிரியோடு இணைத்தார்கள். அதற்கு டிரிஃபிட் என்று பெயர். உலகின் எல்லாத் தாவரங்களையும் அது ஐந்தே வகைகளாகச் சுருக்கியது: அகன்ற இலை மரம், ஊசியிலை மரம், இரண்டு வகைப் புற்கள், புதர்.

அந்த முடிவுகள் 2000-ஆம் ஆண்டு நவம்பரில் நேச்சர் இதழில் வெளியாயின. புகை வெளியேற்றம் இப்போதுள்ள போக்கிலேயே தொடர்ந்தால், உலகின் நிலத்தாவரங்கள் ஏறத்தாழ 2050 வரை கார்பனை உறிஞ்சும். அதன் பிறகு அவையே கார்பனை வெளியிடத் தொடங்கும் என்றது கணக்கு. காட்டை அசையாமல் வைத்துக் கணக்கிட்டதைவிட, 2100-இல் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 250 பங்கு அதிகமாக இருந்தது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் இருந்த மொத்த அளவே பத்து லட்சத்தில் சுமார் 280 பங்குதான் என்பதை நினைத்தால் இந்த எண்ணின் கனம் புரியும். உலக வெப்ப உயர்வு 4 டிகிரிக்குப் பதிலாக 5.5 டிகிரியாக வந்தது. அந்த மாதிரிக்குள் அமேசான் காட்டின் பெரும்பகுதி மடிந்து போனது.

அமேசான் அழிகிறது என்ற செய்தியின் முக்கிய வேர்களில் ஒன்று இந்தக் கட்டுரை.

பிறகு வந்த கணக்குகள்

ஒரே ஒரு மாதிரியின் சொல்லை வைத்து விஞ்ஞான உலகம் முடிவுக்கு வந்துவிடவில்லை. உலகின் வெவ்வேறு இடங்களில் உருவாக்கப்பட்ட 11 மாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வெப்பம் கூடினால் நிலமும் கடலும் கார்பனை உறிஞ்சும் திறன் குறையும் என்பதில் பதினொன்றும் ஒத்துப்போயின. எவ்வளவு குறையும் என்பதில்தான் வேறுபாடு. 2100-இல் காற்றில் கூடுதலாகச் சேரும் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 20 பங்கு என்றது ஒன்று. 200 பங்கு என்றது இன்னொன்று.

2013-இல் கிறிஸ் ஹண்டிங்ஃபோர்ட் தலைமையிலான குழு, 22 பருவநிலை மாதிரிகள் தரும் எதிர்கால வானிலையை ஒரே தாவர மாதிரிக்குள் செலுத்திப் பார்த்தது. ஒன்றில் மட்டும்தான் வெப்பமண்டலக் காடு நூற்றாண்டின் இறுதியில் இன்றிருப்பதைவிட மெலிந்தது. அதுவும் அமெரிக்கக் கண்டத்தில் மட்டும். அந்த ஒன்று எது? ஹாட்லி மையத்தின் பழைய மாதிரிதான். அந்த மாதிரி, அமேசானில் இன்று பெய்யும் மழையையே உண்மையைவிடக் குறைவாகக் காட்டிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே வறண்டிருந்த கணினிக் காடு, கொஞ்சம் வெப்பம் கூடியதும் சாய்ந்துவிட்டது. அதே மையம் அடுத்து உருவாக்கிய மாதிரியில் அந்தப் பெரும் அழிவு தெரியவில்லை.

அதே ஆண்டில் பீட்டர் காக்ஸே தம் முந்தைய கணக்கைச் சோதிக்க ஒரு புதிய வழி கண்டார். எல் நினோ ஆண்டுகளில் வெப்பமண்டலம் சூடாகி வறள்கிறது; காடுகள் குறைவாக உறிஞ்சுகின்றன; ஆகவே காற்றில் கார்பன் டை ஆக்சைடு வழக்கத்தைவிட வேகமாக ஏறுகிறது. ஹவாயில் 1958 முதல் நடந்துவரும் அளவீடுகளில் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகப் பதிவாகியுள்ளது. எந்த மாதிரி இந்த ஆண்டு வாரி ஏற்ற இறக்கத்தை உண்மையைப் போலவே காட்டுகிறதோ, அதன் நீண்டகாலக் கணிப்பைக் கூடுதலாக நம்பலாம் அல்லவா? இப்படி வடிகட்டியபோது, பேரழிவைக் காட்டிய மாதிரிகள் மிகைப்படுத்தியது தெரியவந்தது. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் வெப்பமண்டல நிலம் சுமார் 5,300 கோடி டன் கார்பனை இழக்கும் என்ற எண் கிடைத்தது. பழைய கணிப்பைவிடக் குறைவு. ஆனால் சிறிய இழப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

தம்முடைய புகழ்பெற்ற முடிவைத் தாமே உரைத்துப் பார்த்துத் திருத்துவது அறிவுக்குரிய நாணயம். அதைப் பார்த்து விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள் என்று கேலி செய்வது நியாயமில்லை.

கணக்கில் விடுபட்ட வாரிசுகள்

மார்க்கச் சட்டப்படி சொத்தைப் பங்கிடும் கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் விட்டு இறந்தார் என்று நம்மிடம் சொல்கிறார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, மீதி எட்டில் ஏழு மகனுக்கு என்கிறோம். பிறகுதான் அவருடைய தாய் உயிரோடு இருப்பது தெரிகிறது. தாய்க்கு ஆறில் ஒன்று சேரவேண்டும். மகனின் பங்கு 24-இல் 21-லிருந்து 17-ஆக இறங்குகிறது. முதலில் போட்ட கணக்கில் கூட்டல் கழித்தல் பிழை எதுவும் இல்லை. ஒரு வாரிசு விடுபட்டிருந்தார், அவ்வளவுதான்.

காட்டு மாதிரிகளில் நடப்பதும் பெரும்பாலும் இதுவே. விடுபட்ட வாரிசுகளை ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துச் சேர்ப்பதுதான் கடந்த இருபத்தைந்து ஆண்டு கால வேலை.

முதலாவது, வேர். கிழக்கு அமேசானில் மரங்கள் வறட்சிக் காலத்தில் 8 மீட்டருக்கும் கீழேயுள்ள ஈரத்தை எடுத்துப் பசுமையாக இருப்பதை 1994-இல் ஓர் ஆய்வு காட்டியது. வேரை ஆழமில்லாமல் வைத்திருந்த மாதிரிகளில் காடு சீக்கிரம் வாடியது.

இரண்டாவது, கார்பன் டை ஆக்சைடே தாவரத்துக்கு உணவு என்பது. காற்றில் அது கூடும்போது ஒளிச்சேர்க்கை கூடுகிறது. இலைத்துளைகள் ஓரளவு மூடிக்கொள்வதால் தண்ணீரும் மிச்சமாகிறது. பல மாதிரிகளில் காடு தப்பிப்பது இந்தக் கூடுதல் உணவால்தான். ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. இலைத்துளை மூடினால் ஆவியாகும் நீர் குறையும். காடு திருப்பிக் கொடுக்கும் மழையும் குறையும்.

மூன்றாவது, பாஸ்பரஸ். சோறு மட்டும் போட்டால் பிள்ளை வளர்ந்துவிடாது. மற்றச் சத்துகளும் வேண்டும். அமேசான் மண்ணின் பெரும்பகுதி பழையது, கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கழுவப்பட்டது, பாஸ்பரஸ் குறைந்தது. 14 மாதிரிகளை ஒப்பிட்ட 2019-ஆம் ஆண்டு ஆய்வு, பாஸ்பரஸையும் கணக்கில் சேர்த்தால் கூடுதல் கார்பன் டை ஆக்சைடால் காடு பெறும் வளர்ச்சி ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று கண்டது.

இந்தப் பாஸ்பரஸின் கதையில் நம்மை வியக்க வைக்கும் ஒரு செய்தி உண்டு. ஆப்பிரிக்காவில் சாட் நாட்டில் போடெலே என்ற தாழ்நிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் பெரும் ஏரியாக இருந்து வற்றிப்போன இடம் அது. அங்கிருந்தும் சஹாராவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் கிளம்பும் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டி அமேசானில் விழுகிறது. நாசாவின் செயற்கைக்கோள் தரவுகளை வைத்து 2015-இல் செய்யப்பட்ட மதிப்பீட்டின்படி, ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் இப்படி அமேசானுக்கு வந்து சேர்கிறது. மழையும் வெள்ளமும் அடித்துச் செல்லும் அளவுக்கு ஏறத்தாழ அது சமம். வறண்ட ஒரு பாலைவனம், உலகின் மிகப் பெரிய மழைக்காட்டுக்கு உரமிடுகிறது. படைத்தவன் வைத்திருக்கும் இப்படிப்பட்ட தொடர்புகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் சமன்பாடுகளுக்குள் அடக்கிவிட முடியாது என்பதும் இதிலிருந்து புரிகிறது.

நான்காவது, பன்மை. 16,000 மர இனங்களை ஒரே ஓர் 'அகன்ற இலை மரம்' என்று சுருக்கியதன் விளைவு என்ன? எல்லா மரமும் ஒரே நாளில் ஒரே காரணத்தால் மடிந்துவிடும். ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆய்வு மையத்தினர் 2016-இல், விதவிதமான தன்மை கொண்ட மரங்களை மாதிரிக்குள் விட்டுப் பார்த்தார்கள். வெப்பம் கூடியபோது பெரும் இழப்பு ஏற்பட்டது. ஆனால் புதிய சூழலைத் தாங்கும் வகைகள் மெல்ல இடம்பிடித்தன. நீண்ட காலத்தில் காடு பெருமளவு மீண்டது.

காட்டுக்குள் வைத்த சோதனை

கணினியின் சொல்லைக் காட்டிடமே கேட்டுச் சரிபார்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. பிரேசிலின் பாரா மாநிலத்தில் உள்ள கஷியுவானா காட்டில், 2002-ஆம் ஆண்டு முதல் ஒரு ஹெக்டேர் பரப்பில் மரங்களுக்குக் கீழே பிளாஸ்டிக் தகடுகளைக் கூரை போல அமைத்து, தரையை வந்தடையும் மழையில் ஏறத்தாழப் பாதியைத் தடுத்தார்கள். செயற்கையாக உண்டாக்கிய நீண்ட வறட்சி.

முதல் சில ஆண்டுகள் காடு தாக்குப்பிடித்தது. பிறகு பெரிய மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அவை பட்டினியால் மடியவில்லை என்று 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது. வேரிலிருந்து உச்சிக்கு நீரை ஏற்றும் நுண்குழாய்களுக்குள் காற்று புகுந்து, நீரோட்டம் அறுந்ததே காரணமாக இருந்தது. உயரமான மரங்களே இதற்கு அதிகம் பலியாயின. காலப்போக்கில் அந்தத் துண்டுக் காடு தன் மொத்த மரப்பொருளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்தது. அதன் பிறகு, போட்டி குறைந்ததால் எஞ்சிய மரங்களுக்குத் தண்ணீர் போதுமானதாகி, காடு ஒரு நிலைக்கு வந்தது.

இந்தச் சோதனையின் விளைவை முன்கூட்டிச் சொல்லும்படி ஐந்து மாதிரிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். மரங்கள் மடிந்த அளவை அவற்றால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தத் தோல்விதான் அடுத்த தலைமுறை மாதிரிகளில் நுண்குழாய்களின் நீரோட்டத்தையும் சேர்க்க வைத்தது.

ஆகவே மாதிரிகளின் தவறு ஒரு பக்கம் மட்டும் சாய்ந்ததில்லை. சிலவற்றில் அழிவு மிகையாக வந்தது. சிலவற்றில் ஆபத்து குறைவாக வந்தது. காடு பத்திரம் என்ற செய்தியைக் கேட்டு நிம்மதியாக உறங்கவும் முடியாது என்பதற்குக் கஷியுவானா சான்று. புதிய தலைமுறை மாதிரிகளை 2022-இல் ஆராய்ந்தபோது, தாவரங்களின் மாற்றத்தைக் கணக்கிடும் ஏழில் ஐந்து, அமேசான் பகுதியில் ஆங்காங்கே திடீர் அழிவைக் காட்டின. காடு முழுவதும் ஒரே அடியில் சாயும் என்பதற்குப் பதிலாக, இடத்துக்கு இடம் தனித்தனியாகச் சாயலாம் என்ற சித்திரம் இப்போது உருவாகி வருகிறது.

காடே தரும் சாட்சியம்

மாதிரிகள் கிடக்கட்டும், இன்று காடு எப்படி இருக்கிறது? இதற்கு அளவீடுகள் இருக்கின்றன.

அமேசானில் 321 இடங்களில் மரங்களைச் சுமார் முப்பது ஆண்டுகள் தொடர்ந்து அளந்து வந்த ஆய்வு 2015-இல் வெளியானது. 1990-களோடு ஒப்பிட்டால், காடு கார்பனைச் சேமிக்கும் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மரங்கள் முன்பைவிட விரைவில் மடிகின்றன.

பிரேசில் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் லூசியானா காட்டியும் குழுவினரும் 2010 முதல் 2018 வரை சிறு விமானங்களை அனுப்பி, நான்கு பகுதிகளின் மேல் 590 தடவை காற்றைச் சேகரித்து அளந்தார்கள். காடழிப்பும் தீவைப்பும் அதிகமாக உள்ள தென்கிழக்கு அமேசான், உறிஞ்சுவதைவிட அதிகமாகக் கார்பனை வெளியிடுகிறது என்று 2021-இல் அவர்கள் அறிவித்தார்கள். 2050-க்குப் பிறகு நடக்கலாம் என்று பழைய மாதிரி சொன்னது, காட்டின் ஒரு மூலையில் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

காய்ச்சல் வந்த ஒருவர் எவ்வளவு விரைவாகத் தேறுகிறார் என்பதை வைத்து அவருடைய உடல் வலுவை அறியலாம். அதே முறையில், வறட்சி போன்ற பாதிப்புகளுக்குப் பின் காடு எவ்வளவு விரைவாகத் தேறுகிறது என்பதைச் செயற்கைக்கோள் பதிவுகளில் பார்த்தார்கள். 2000-களின் தொடக்கத்திலிருந்து அமேசானின் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட பகுதி தேறும் திறனை இழந்து வருகிறது என்று 2022-இல் வெளியான ஆய்வு கூறியது. மழை குறைந்த இடங்களிலும் மனித நடமாட்டத்துக்கு அருகிலும் இந்த இழப்பு அதிகம்.

2023-இல் வந்த வறட்சியை நேரில் அனுபவித்தவர்கள் ஆற்றங்கரை மக்கள். மனவுஸ் நகரத் துறைமுகத்தில் ரியோ நீக்ரோ ஆற்றின் நீர்மட்டம், 1902-இல் அளவீடு தொடங்கிய பின் இல்லாத அளவுக்குத் தாழ்ந்தது. தெஃபே ஏரியில் நீர் சூடாகி நூற்றுக்கும் மேற்பட்ட டால்ஃபின்கள் மடிந்தன. மறு ஆண்டே, 2024-இல், அந்த ஆற்றின் நீர்மட்டம் அந்தத் தாழ்வையும் தாண்டி இறங்கியது. படகுதான் வழி என்று வாழும் கிராமங்களுக்கு அரிசியும் மருந்தும் போய்ச் சேர முடியாத நிலை.

மனிதன் கையில் இருப்பது

மாதிரிகளுக்குள் பல கருத்து வேறுபாடுகள் இருந்தாலும், ஒரு விஷயத்தில் மாதிரியும் அளவீடும் ஒன்று சேர்ந்து நிற்கின்றன. வெப்பம் மட்டும் கூடுவதைவிட, வெப்பத்தோடு காடழிப்பும் தீயும் சேரும்போது ஆபத்து பல மடங்காகிறது. ஓரிடத்தில் மரத்தை வெட்டினால் காற்று வீசும் திசையில் அடுத்துள்ள காட்டுக்கு மழை குறைகிறது. வறண்ட காட்டில் தீ எளிதாகப் பரவுகிறது. எரிந்த இடம் மேலும் சூடாகிறது.

காடழிப்பை மட்டும் கணக்கில் எடுத்த பழைய மாதிரிகள், 40 சதவீதம் அழிந்தால் காடு மீள முடியாத நிலைக்குப் போகும் என்றன. பருவநிலை மாற்றத்தையும் தீயையும் சேர்த்துப் பார்த்தால் அந்த எல்லை 20 முதல் 25 சதவீதத்திலேயே இருக்கலாம் என்று தாமஸ் லவ்ஜாயும் கார்லோஸ் நோப்ரேயும் 2018-இல் எச்சரித்தார்கள். அப்போதே சுமார் 17 சதவீதக் காடு போயிருந்தது. 2050-க்குள் அமேசான் காட்டின் 10 முதல் 47 சதவீதம் வரை பல நெருக்கடிகளை ஒருசேரச் சந்திக்க நேரலாம் என்று 2024-இல் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பத்துக்கும் நாற்பத்தேழுக்கும் இடையே இவ்வளவு தூரம் இருப்பதைப் பார்த்து, இவர்களுக்கே தெரியவில்லை என்று சொல்லிவிடக் கூடாது. அந்த இடைவெளியின் ஒரு பெரும்பகுதி, நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதையும் பொறுத்தது.

இது வெறும் ஆறுதல் வார்த்தை இல்லை. 2004-இல் பிரேசிலின் அமேசானில் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 27,700 சதுர கிலோமீட்டர் காடு அழிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம் அது. செயற்கைக்கோள் கண்காணிப்பு, சட்ட நடவடிக்கை, பாதுகாக்கப்பட்ட பகுதிகளின் விரிவாக்கம், புதிதாக அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று வணிகர்கள் 2006-இல் செய்துகொண்ட உடன்பாடு ஆகியவற்றால், 2012-இல் இது சுமார் 4,600 சதுர கிலோமீட்டராக இறங்கியது. கண்காணிப்பு தளர்ந்தபோது 2021-இல் மீண்டும் 13,000-ஐத் தாண்டியது. மறுபடி இறுக்கியதும் 2024-இல் சுமார் 6,300-க்கு வந்தது. மனிதன் நினைத்தால் ஏற்றவும் முடிகிறது, இறக்கவும் முடிகிறது.

செய்தி வரும்போது கேட்க வேண்டியவை

இனி இப்படியொரு செய்தியைக் காணும்போது பிள்ளைகளோடு சேர்ந்து மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். எந்த நிபந்தனையின் பேரில் இந்த முடிவு சொல்லப்படுகிறது? இந்தக் கணக்கில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள்? காட்டில் அளந்து பார்த்த உண்மை இதோடு ஒத்துப்போகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொள்வதே நல்லது. அது அச்சுறுத்தும் செய்தியானாலும் சரி, ஆறுதல் தரும் செய்தியானாலும் சரி.

அமேசான் எந்த ஆண்டில் அழியும் என்று எந்த மாதிரியாலும் தேதி குறிக்க முடியாது. அவை அதற்காக உருவாக்கப்பட்டவையும் அல்ல. எல்லா மாதிரிகளும் ஒரே எண்ணைச் சொல்லும் நாள் வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் கணக்கிடக் காடு இருக்காது. வெப்பம் கூடினால் காடு கார்பனைத் தாங்கும் திறன் குறைகிறது, வெட்டவும் எரிக்கவும் செய்தால் இன்னும் வேகமாகக் குறைகிறது, வெட்டுவதை நிறுத்தினால் ஆபத்தும் குறைகிறது. இவ்வளவும் இன்றே தெரியும். முடிவெடுக்க இது போதும்.